ஏழு நாள் நிறுத்தி வைத்த ஆட்டம்

எங்கள் வீட்டு வீடியோ கேமுக்கு ஞாபகசக்தி கிடையாது. பிள்ளைகளே, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றது எதுவும் உங்களுக்குப் புரியாது. இப்போது நீங்கள் ஆடுகிற ஆட்டத்தை எங்கே விட்டாலும் அது குறித்து வைத்துக்கொள்கிறது. நாலு நாள் கழித்துத் திறந்தாலும் விட்ட இடத்தில் காத்துக்கொண்டு நிற்கிறது. தொண்ணூறுகளில் அப்படி இல்லை. கரண்ட் போனால் ஆட்டம் போச்சு. பத்து ஸ்டேஜ் தாண்டியிருந்தாலும் மறுபடி ஒன்றிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

அந்தப் பெட்டி சிங்கப்பூரிலிருந்து வந்தது. கப்பலில் வேலை பார்த்த என் மைத்துனர் லீவுக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்தார். டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். அதில் மஞ்சள் கேசட் ஒன்றைச் செருக வேண்டும். கையில் பிடித்து ஆட இரண்டு ஜாய்ஸ்டிக். கரண்டுக்குக் கறுப்பாக ஒரு அடாப்டர், சோப்புக்கட்டி பருமனில். டிவியோடு சேர்த்துவிட்டால் படம் வரும்.

நாங்கள் மந்தைவெளியில் ஒரு போர்ஷனில் இருந்தோம். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. நான், என் மனைவி, பதினோரு வயது மகள். வீட்டுக்கார மாமி மாடியில் இருந்தார். எனக்கு தி. நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் வயர்மேன் வேலை. சீரியல் செட் கட்டுவது, மேடை விளக்கு, சமையல்கட்டு கிரைண்டர், ஜெனரேட்டர் எல்லாம் என் பொறுப்பு.

அந்த வேலையில் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. கல்யாணக் கூட்டம் எல்லாம் போன பிறகு மண்டபத்தை ஒரு சுற்று வருவேன். ஒவ்வொரு பிளக்கையும் ஹோல்டரையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். உள்ளங்கையால் தொட்டு ஷாக் அடித்தால் விரல் மூடிக்கொண்டு வயரைப் பிடித்துக்கொள்ளும். புறங்கை என்றால் கை தானாக விலகிவிடும். எது சும்மா சூடாக இருக்கிறதோ அதை உடனே அணைத்துவிடுவேன். யாரும் உபயோகிக்காத பொருள் சூடாக இருந்தால் அது நெருப்புக்கு முந்தின நிலை என்று எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர் சொல்வார். வீட்டிலும் அதே பழக்கம்தான். ஊருக்குக் கிளம்பும்போது கடைசியாக வெளியே வருவது நானாகத்தான் இருக்கும். (நீங்கள் எந்தக் கையாலும் தொட வேண்டாம். பெரியவர்களைக் கூப்பிடுங்கள்.)

என் மகளோடு கூட ஆடுவதற்கு ஒரு தோழி இருந்தாள். ஒரே வகுப்பு. கால்வாய் ஓரத்துக் குடிசைகளில் அவள் வீடு. பள்ளிக்கூடம் விட்டதும் இரண்டு பேரும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, பையைக் கடாசிவிட்டு, டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். அந்த ஆட்டத்தில் இரண்டு ஆட்கள் காட்டுக்குள் ஓடிக்கொண்டே இருப்பார்கள். ஒருத்தனுக்கு நீல கால்சட்டை, ஒருத்தனுக்குச் சிவப்பு. என் மகள் நீலம். தோழி சிவப்பு. வழியெல்லாம் யாராவது சுட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொருத்தருக்கும் சில உயிர். அதை லைஃப் என்பார்கள். ஒருத்தருக்கு லைஃப் தீர்ந்துவிட்டால் மற்றவர் தன்னுடையதிலிருந்து ஒன்றைக் கொடுக்கலாம். அதற்கு ஒரு பட்டன் உண்டு. "லைஃப் குடுடி, லைஃப் குடுடி" என்று தோழி கத்துவதும், "இந்தா, இதையாவது ஒழுங்கா வச்சுக்கோ" என்று என் மகள் பதில் சொல்வதும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எனக்குக் கேட்கும்.

மொத்தம் பன்னிரண்டு ஸ்டேஜ். அதை முடித்தவர்கள் எங்கள் தெருவில் யாரும் இல்லை.

இந்த ஆட்டத்தால் என் மகளிடம் மாற்றம் வரவில்லை என்று நான் உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். வந்தது. சாப்பிட உட்கார்ந்தால் தட்டு ஓரத்தில் இடது கட்டைவிரல் தன்பாட்டுக்கு அமுக்கிக்கொண்டே இருக்கும். வாய்ப்பாடு கேட்டால் பாதியில் எங்கேயோ போய்விடுவாள். அம்மா கூப்பிட்டால் "இரும்மா, இரும்மா". இரண்டாம் தடவை கூப்பிட்டால், "பாரு, உன்னாலதான் செத்துட்டேன்."

இந்தப் பேச்சு என் மனைவிக்குப் பிடிக்கவே இல்லை. "வெள்ளிக்கிழமையும் அதுவுமா வீட்டுல விளக்கேத்தி வச்சிருக்கேன். செத்துட்டேன், கொன்னுட்டேன், இதான் பேச்சா?"

"ஆட்டத்துலதாம்மா."

"ஆட்டத்துல செத்தா ஆட்டத்துக்குள்ளயே சொல்லிக்கோ. சாம்பார் ஊத்தறப்ப சொல்லாத."

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடத்திலிருந்து என்னை வரச் சொன்னார்கள். என் மகள் வகுப்பில் ஒரு பெண்ணைப் பிடித்துத் தள்ளிவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு முழங்கை சிராய்ப்பு. டீச்சர் என்னைக் கேட்டது ஒரே கேள்விதான்.

"வீட்டுல வீடியோ கேம் இருக்கா?"

"இருக்கு மிஸ்."

"அதான்."

அந்த ஒரு சொல்லை மண்டபம் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனேன். சாயங்காலம் வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்தேன். மகளிடம் ஏன் தள்ளினாய் என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நான் இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. காரணம்தான் டிவிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறதே என்று நினைத்துவிட்டேன். போதாததற்கு, தோழியை மனதில் வைத்து, "அந்தப் பொண்ணோட சேந்து பேச்சும் மாறிப்போச்சு" என்று வேறு சொன்னேன். மகள் அப்போது ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வை இப்போதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அன்றைக்கு ஒரு சட்டம் போட்டேன். ஒரு நாளைக்கு அரை மணி நேரம். ஐந்து மணிக்கு ஆரம்பித்தால் ஐந்தரைக்கு டிவி அணைய வேண்டும். கடிகாரம் பார்க்கும் பொறுப்பு அம்மாவுக்கு.

அதன் பிறகு மண்டபத்தில் தொடர்ந்து முகூர்த்தங்கள். நான் விடியற்காலையில் போய், எல்லோரும் தூங்கின பிறகு வந்தேன். வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. பிறகு தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

கால்வாய் ஓரத்து வீடுகளை எல்லாம் எடுக்கப் போகிறோம் என்று அதிகாரிகள் வந்து கதவுகளில் பெயிண்டால் நம்பர் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். எல்லோருக்கும் ஊருக்கு வெளியே இடம். இங்கிருந்து போக இரண்டு பஸ் மாற வேண்டும். தோழி வீட்டுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை லாரி வரும் என்று சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்ட அன்றைக்கே இரண்டு பேரும் ஒரு முடிவு எடுத்தார்கள். போவதற்குள் பன்னிரண்டு ஸ்டேஜையும் சேர்ந்து முடித்துவிட வேண்டும்.

ஆனால் அரை மணி நேரத்தில் மூன்று ஸ்டேஜுக்கு மேல் போக முடியாதே. அதற்கு என் மகள் ஒரு வழி கண்டுபிடித்தாள். அந்த ஆட்டத்தில் ஸ்டார்ட் பட்டனை ஒரு தடவை அமுக்கினால் நீலக்காரனும் சிவப்புக்காரனும் அப்படியே சிலையாக நின்றுவிடுவார்கள். திரும்ப அமுக்கினால்தான் நகர்வார்கள். ஐந்தரை ஆனதும் அவள் ஸ்டார்ட்டை அமுக்கிவிட்டு டிவியை மட்டும் அணைத்துவிடுவாள். கேம் பெட்டி அணையாமல், டிவி ஸ்டாண்டுக்குள்ளே, மறுநாள் ஐந்து மணி வரை அப்படியே காத்திருக்கும். சட்டத்தை ஒரு நிமிஷம்கூட மீறவில்லை, பாருங்கள். திங்கட்கிழமை ஆரம்பித்து வெள்ளிக்கிழமை முடிய இப்படியே பத்தாவது ஸ்டேஜை முடித்துவிட்டார்கள். பாக்கி இரண்டு. சனிக்கிழமைக்கு ஒன்று, ஞாயிறு காலைக்கு ஒன்று என்று கணக்கு வைத்திருந்தார்கள்.

சனிக்கிழமை மண்டபத்தில் விசேஷம் இல்லை. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். மனைவி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். மகளுக்குப் பள்ளிக்கூடம் அரை நாள், வருகிற நேரம். நான் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, காலண்டர் தாளைக் கிழிக்க டிவி பக்கம் போனேன். ஸ்டாண்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக் சூடான வாசனை. குனிந்து கையை விட்டேன். புறங்கைதான். அடாப்டர் இட்லிப் பானை மூடி மாதிரி சுட்டது. டிவி அணைந்திருக்கிறது, வீட்டில் ஆள் இல்லை, இது மட்டும் கொதிக்கிறது. யோசிக்க எனக்கு என்ன இருக்கிறது? ஸ்விட்சை அணைத்தேன். பிளக்கையும் பிடுங்கி வெளியே வைத்தேன். நல்ல வேளை, நான் பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு மணிக்கு இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். என் மகள் பையை இறக்காமலே ஸ்டாண்டைப் பார்த்தாள். தரையில் கிடந்த பிளக்கைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"ஏம்மா, யாரு இதை ஆன்லயே விட்டுட்டுப் போனது? கொஞ்சம் விட்டிருந்தா எரிஞ்சிருக்கும்" என்றேன்.

அவள் கத்துவாள், காலை உதைத்துக்கொள்வாள் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். கேம் ஆடுகிற பிள்ளைகள் அப்படித்தான் செய்வார்கள் என்று எல்லோரும் சொல்லி வைத்திருந்தார்கள். அவளோ பையை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு, சமையல்கட்டுக்குள் போய் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

தோழிதான் பேசினாள். "வுடுடி. மாமா இன்னா வேணும்னா பண்ணாரு? அவுருக்கு இன்னா தெரியும்?"

"எனக்கு என்ன தெரியாது?" என்று கேட்டேன்.

அவள் வாசற்படியில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். லாரி, பன்னிரண்டு ஸ்டேஜ், ஸ்டார்ட் பட்டன், டிவியை மட்டும் அணைக்கிற யோசனை. சொல்லிவிட்டு, "பத்து முடிஞ்சி நின்னுக்கினு இருந்துச்சு மாமா" என்றாள். இறந்துபோனவர் வீட்டில் பேசுவது மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

பிறகு சமையல்கட்டைப் பார்த்துவிட்டு, இன்னும் குரலைத் தணித்தாள். "இன்னொண்ணு சொல்லட்டா? ஸ்கூல்ல அந்தப் பொண்ண இவ சும்மா தள்ளல. நான் போய் பெஞ்சுல குந்துனா அவ மூக்கப் புடிச்சிக்குவா. கால்வா நாத்தம் அடிக்குதாம். தெனிக்கும் பண்ணுவா. அதான் இவ தள்ளிட்டா. உங்க கைல சொல்லாதன்னு நான்தான் சொன்னேன்."

"ஏன் சொல்ல வேணாம்னே?"

"உங்களுக்கும் நாத்தம் தெரிஞ்சிட்டா?"

பிள்ளைகளே, ஐம்பது பேர் முன்னால் கல்யாண மேடையில் ஃபியூஸ் போய் நின்றிருக்கிறேன். அப்போதுகூட எனக்கு முகம் அப்படிச் சுட்டதில்லை. டீச்சர் "அதான்" என்றபோது நானும் "அதான்" என்று நினைத்தேனே. பேச்சு மாறிப்போச்சு என்று வேறு சொன்னேனே. என் மகள் அன்றைக்கு ஏன் அப்படி நிமிர்ந்து பார்த்தாள் என்று இப்போது தெரிந்தது.

அதற்குள் என் மனைவி பையோடு வந்துவிட்டாள். விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "எனக்குத் தெரியும்ங்க. உங்ககிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். நீங்க எப்ப கண்ணுல படறீங்க, சொல்றதுக்கு?"

நான் சமையல்கட்டுக்குள் போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "தப்புதாம்மா, தெரியாம பண்ணிட்டேன்" என்றேன். அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னிக்கு அரை மணி கிடையாது. எவ்வளவு நேரம் வேணுமோ ஆடுங்க. சாயங்காலத்துக்குள்ள எவ்வளவு தூரம் போக முடியும்?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தோழியைப் பார்த்தாள். தோழி விரல் விட்டு எண்ணினாள். "வா மே, பூந்து பாக்கலாம்" என்றாள்.

இரண்டு பேரும் சாப்பிடாமல் உட்கார்ந்தார்கள். என் மனைவி தயிர்சாதம் பிசைந்து, மாற்றி மாற்றி இரண்டு வாயிலும் ஊட்டினாள். நான் பின்னால் பாயில் உட்கார்ந்து முதல் தடவையாக அந்த ஆட்டத்தை முழுசாகப் பார்த்தேன். சுடுவது, குண்டு வெடிப்பது எல்லாம் இருக்கத்தான் செய்தது. ஆனால் இந்த இரண்டு பேரும் எப்போதும் பேசிக்கொண்டே ஆடினார்கள். "மேல ஒருத்தன் வரான், நீ குனி." "நீ முன்னாடி போவாத, நான் வர்ட்டும்." சிவப்புக்காரன் ஒரு பள்ளத்தில் விழுந்தால் நீலக்காரன் கரையில் நின்று காத்திருப்பான். சுடுகிறவர்களைச் சமாளித்துக்கொண்டே காத்திருப்பான்.

நாலரை மணிக்குப் பதினொன்றாவது ஸ்டேஜ் முடிந்தது. பன்னிரண்டாவது ஆரம்பித்த உடனே வாசலில் தோழியின் அம்மா குரல். "ஏ பொண்ணு, வூட்ல சாமான் கட்டணும். இங்க இன்னா ஆட்டம்?"

என் மகள் ஸ்டார்ட்டை அமுக்கினாள். நீலக்காரனும் சிவப்புக்காரனும் ஒரு பாலத்தின் மேல் அப்படியே நின்றார்கள்.

"லாரி காலைல பத்து மணிக்குத்தான். நான் எட்டு மணிக்கே வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு தோழி ஓடினாள்.

என் மகள் டிவியை அணைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மத்தியானம் ஒரு மணியிலிருந்து அதுவரைக்கும் அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஒரு அட்டையில் "அணைக்காதே" என்று பெரிதாக எழுதி ஸ்விட்சின் மேல் ஒட்டினேன். டேபிள் ஃபேனை இறக்கி அடாப்டருக்குக் காற்று படும்படி வைத்தேன். அட்டையை அவள் வந்து வாசித்தாள். "இது உனக்குத்தாம்பா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே லாரி வந்துவிட்டது. இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் குடத்தோடு தோழி ஓடி வந்து வாசலில் நின்றாள். தலைகூட வாரவில்லை.

"ஏறு ஏறுன்னு கத்துறாங்க. இப்ப ஆட முடியாது."

என் மகள் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாயில் நுரையோடு அப்படியே நின்றாள்.

தோழி அவளைப் பார்க்காமல் என்னிடம் பேசினாள். "மாமா, அடுத்த ஞாயித்துக்கெழம எங்க நைனா இட்டுனு வர்றேன்னு சொல்லிக்கீது. அதுவரைக்கும் அப்டியே இருக்குமா?"

ஏழு நாள். அந்த அடாப்டரை விற்றவன்கூட அதற்கு உத்தரவாதம் கொடுத்திருக்க மாட்டான். "இருக்கும்மா. நான் பாத்துக்கறேன்" என்றேன். வேறு என்ன சொல்ல?

"சத்தியமா அணைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அந்த ஒரு வாரம் என் தொழிலுக்கு விரோதமாக நான் வாழ்ந்தேன். ஒரு பொருள் சும்மா சூடாக இருக்கிறது, அதை அணைக்காமல் காவல் காக்கிறேன். பெரிய பயம் கரண்ட் கட்டுதான். மண்டபத்துக்கு மைக்செட் போட வருகிறவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு ஒரு டயோடு கொடுத்தார். அது ஒரு வழிக் கதவு மாதிரி. கரண்டை ஒரு பக்கமாகத்தான் போக விடும். அந்தப் பெட்டிக்கு வேண்டியது ஒன்பது வோல்ட். ஒரு டார்ச் பேட்டரிக் கட்டை ஒன்றரை வோல்ட். ஆறு கட்டையை வரிசையாக ஒரு அட்டைக் குழாயில் அடைத்து, டயோடு வைத்து, ஆட்டம் அணையாதபடி அடாப்டர் வயரோடு சேர்த்துவிட்டேன். மெயின் கரண்ட் இருக்கும் வரை கட்டைகள் சும்மா இருக்கும். அது போனால் இவை கை கொடுக்கும்.

வயரை நான் சீவும்போது மகள் பக்கத்தில் உட்கார்ந்து கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். "ப்ளஸ் எந்தப் பக்கம்பா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் பேச்சு. எனக்கு அது போதுமாக இருந்தது.

வீட்டுக்கார மாமி மாடிப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டார். மெயின் போர்டு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. இடி இடித்தால் மாமி முதலில் மெயினைத்தான் இறக்குவார்.

"ஏம்ப்பா, உங்காத்துல பகல்ல யாருமே இல்ல. மீட்டர் மட்டும் சுத்திண்டே இருக்கே, என்ன சமாசாரம்?"

விஷயத்தைச் சொன்னேன். மாமி கீழே வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஃபேன் காற்றில் கிடந்த அடாப்டரைப் பார்த்தார். நான் பேசிக்கொண்டே குனிந்து புறங்கையால் அதைத் தொட்டேன்.

"கொழந்தைக்கு ஜொரம் பாக்கற மாதிரின்னா தொட்டுத் தொட்டுப் பாத்துண்டிருக்கே" என்றார் மாமி. "சரி, நான் மெயின்ல கை வெக்கல. ஆனா ஞாயித்துக்கெழமையோட சரி, ஆமா."

வியாழக்கிழமை மாதாந்திர பராமரிப்பு. காலை ஒன்பதிலிருந்து இரண்டு வரை தெரு முழுக்கக் கரண்ட் கிடையாது. நான் அரை நாள் லீவு போட்டேன். ஒன்பது அடித்ததும் ஃபேன் நின்றது. பெட்டியின் சிவப்பு விளக்கு ஒரு கணம் மங்கிவிட்டு, அப்படியே எரிந்தது. டிவியும் கிடையாது, உள்ளே அந்த இரண்டு பேரும் பாலத்தில்தான் நிற்கிறார்களா என்று பார்க்க வழியில்லை. ஐந்து மணி நேரம் அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணிக்குக் கரண்ட் வந்ததும் டிவியைப் போட்டேன். நின்றார்கள்.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? அந்த ஏழு நாளும் எங்கள் வீட்டு வீடியோ கேம் இரவு பகலாக ஓடியது. ஒருத்தரும் ஆடவில்லை. வேறு ஆட்டம் போட வேண்டும் என்றால் இதை அணைக்க வேண்டுமே. என் மகள் ஐந்து மணிக்கு வருவாள், டிவியைப் போட்டு ஒரு தடவை பார்ப்பாள், அணைத்துவிடுவாள். கட்டைவிரல் அமுக்குவது புதன்கிழமைக்கெல்லாம் நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் அவள் பெஞ்சில் ஒரு இடம் காலியாக இருந்தது என்று அம்மாவிடம் சொன்னாளாம். மூக்கைப் பிடித்த பெண் அங்கே வந்து உட்காரப் பார்த்தாளாம். "தள்ளினியா?" என்று என் மனைவி பயந்துகொண்டே கேட்டிருக்கிறாள். "இல்ல, பையை வச்சிட்டேன்" என்று பதில்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குத் தோழி அவள் அப்பாவோடு வந்தாள். இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. புதுச் சட்டை. வந்ததும் ஸ்டாண்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா மாமா, இன்னும் கொதிச்சிக்கினு கீதா?"

"தொட்டுப் பாக்காத" என்றேன்.

அவள் அப்பாவுக்கு என் மனைவி காபி கொடுத்தாள். அவர் தரையில் உட்கார்ந்து, ஃபேன், அட்டைக் குழாய், ஸ்விட்சில் ஒட்டியிருந்த அட்டை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இதுக்கா ராத்திரில எல்லாம் பொலம்பிக்கினு இருந்தே?" என்று மகளைக் கேட்டார். அவள், "கம்முனு இரு நைனா" என்றாள்.

இரண்டு பேரும் ஜாய்ஸ்டிக்கை எடுத்தார்கள். உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டார்கள். என் மகள் ஸ்டார்ட்டை அமுக்கினாள். ஒரு வாரமாகப் பாலத்தில் நின்றவர்கள் ஓட ஆரம்பித்தார்கள்.

கை மறந்துபோயிருந்தது. முதல் நிமிஷத்திலேயே தோழி இரண்டு தடவை விழுந்தாள். பிறகு மூன்றாவது தடவை. லைஃப் தீர்ந்தது. என் மகளிடம் மூன்று இருந்தது. "லைஃப் குடுடி" என்றாள் தோழி. கொடுத்தாள். அதுவும் போயிற்று. இன்னொன்று கொடுத்தாள். கடைசியில் ஒரு பெரிய இரும்புக் கதவு வந்தது. அதைத் தாண்டினால் முடிந்தது. தோழி மறுபடி செத்தாள். என் மகளிடம் ஆடிக்கொண்டிருந்த ஒரே உயிர்தான் பாக்கி. அதைக் கொடுக்க முடியாது. அவள் தனியாகக் கதவைச் சுட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் பக்கத்தில் யாரும் "குனி" என்று சொல்லாததாலோ என்னவோ, மேலேயிருந்து வந்ததைப் பார்க்கவில்லை. நீலக்காரனும் விழுந்தான். திரை கறுப்பானது.

நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. ஏழு நாள், ஆறு கட்டை, ஒரு டயோடு, அரை நாள் லீவு.

பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. முதலில் தோழிதான் ஆரம்பித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு. பிறகு என் மகள். இரண்டு பேரும் பாயில் புரண்டு புரண்டு சிரித்தார்கள். "பாலத்துலயே நின்னிருக்கலாம்டி" என்று தோழி சொல்லச் சொல்ல என் மகளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் அப்பாவும் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

எனக்கு ஆறவில்லை. "ஏம்மா, அந்த ரெண்டு லைஃபையும் நீயே வச்சிருந்தா முடிச்சிருப்பியே" என்றேன்.

என் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "முடிச்சா கடைசில ஒரு படம் வருமாம்பா. ஹெலிகாப்டர்ல ஏறிப் போவாங்களாம். செத்துப்போன ஆளு அதுல இருக்க மாட்டான். நான் மட்டும் ஏறிப் போயி என்ன பண்றது?"



எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோம். இரண்டு மணிக்குள் பஸ் ஏற வேண்டும் என்று தோழியின் அப்பா அவசரப்பட்டார். கிளம்பும்போது தோழி அந்த அட்டைக் குழாயைக் காட்டினாள். "மாமா, இனிமே இது உங்களுக்கு வேணுமா? எங்க வூட்டுக்கு இன்னும் கரண்ட் வர்ல."

கட்டைகளில் பாதிக்கு மேல் சக்தி இருந்தது. நான் குழாயைக் கழற்றி, இரண்டு வயரையும் சரியாகச் சீவி, ஒரு சின்ன பல்பும் ஹோல்டரும் சேர்த்து எரிய வைத்துக் காட்டினேன். பகல் வெளிச்சத்தில் அது பெரிதாகத் தெரியவில்லை. அவள் இரண்டு கையையும் குவித்து மறைத்துப் பார்த்தாள். "எரியுது" என்றாள். என் மகள் அதைத் தன் பழைய ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்துக் கொடுத்தாள்.

பஸ் ஸ்டாப் வரை போய்விட்டு வந்தோம். வீட்டுக்குள் நுழைந்ததும் என் மகள் நேராக ஸ்டாண்டிடம் போனாள். ஸ்விட்சின் மேலிருந்த அட்டையை மெதுவாகப் பிரித்தாள். அணைத்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். பிறகு அடாப்டரைத் தரையில் வைத்து, நான் செய்வது மாதிரியே புறங்கையை அதன் மேல் வைத்தாள்.

"சூடா இருக்காம்மா?" என்றேன்.

"கொஞ்சம்" என்றாள். கையை எடுக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆறுவதற்கு வெகு நேரம் ஆயிற்று.